தாடை மூட்டு வலி: செட்டிநாட்டு வாசகர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காது வலி என்று காது மருத்துவரிடம் போவார்கள். காதில் ஒன்றுமில்லை என்பார் அவர். கடைவாய்ப் பல்லாக இருக்கும் என்று யாரோ சொல்ல, நன்றாக இருந்த பல்லைப் பிடுங்கிக்கொள்வார்கள். அப்புறமும் வலி அப்படியே இருக்கும். காரைக்குடியில் பல் மருத்துவம் பார்க்கும் எனக்கு இது பழகிப்போன கதை. பள்ளத்தூரிலிருந்து வந்தாலும், தேவகோட்டையிலிருந்து வந்தாலும், பொன்னமராவதியிலிருந்து வந்தாலும், காதுக்கு முன்னால் இருக்கும் தாடை மூட்டை அதுவரை யாரும் தொட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

தாடை மூட்டுத் தொல்லைகளில் பெரும்பாலானவை எளிய கவனிப்பிலேயே சில வாரங்களில் அடங்கிவிடும். ஆனால் பல்லைப் பிடுங்கிவிட்டால், ராவிவிட்டால், மூட்டைத் திறந்துவிட்டால் பழைய நிலை திரும்ப வராது. அதனால் பின்வாங்க முடிகிற சிகிச்சை முதலில், முடியாதது கடைசியில். கீழே உள்ள படிகளை அந்த வரிசையில்தான் அமைத்திருக்கிறேன்.

படி 1: மூட்டைத் தொட்டுப் பாருங்கள்

இரண்டு ஆள்காட்டி விரல்களையும் காதுத் துளைக்குச் சற்று முன்னால் வைத்துக்கொண்டு வாயை மெதுவாகத் திறந்து மூடுங்கள். விரலுக்கடியில் ஏதோ உருண்டு முன்னால் நகர்வது தெரியும். கீழ்த்தாடை எலும்பின் மேல்முனைதான் அது. கபால எலும்பில் உள்ள ஒரு குழியில் அது உட்கார்ந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் மெல்லிய, உறுதியான ஒரு ஜவ்வு இருக்கிறது. மருத்துவர்கள் அதை டிஸ்க் என்பார்கள்.

முழங்கை மூட்டு மடங்கும், நீளும், அவ்வளவுதான். தாடை மூட்டு செய்வது இரண்டு வேலை. வாய் திறக்கத் தொடங்கும்போது நம் பழைய வீடுகளின் தேக்குக் கதவு கீலில் சுழல்வதுபோல் சுழலும். இன்னும் திறக்கும்போது குழியை விட்டு முன்னால் வழுக்கி இறங்கும். ஜவ்வும் கூடவே நகர வேண்டும். இடது மூட்டும் வலது மூட்டும் ஒரே எலும்பின் இரு முனைகள் என்பதால் ஒன்று தடுமாறினால் மற்றதும் சும்மா இருக்காது. பேச, மெல்ல, விழுங்க, கொட்டாவி விட என்று நாள் முழுக்க இதற்கு வேலை.

அடுத்து கன்னத்தில் கை வைத்துப் பல்லைக் கடியுங்கள். கட்டியாகப் புடைப்பது மெல்லும் தசை. நெற்றிப்பொட்டில் வைத்தால் அங்கேயும் ஒரு தசை இறுகுவது தெரியும். தாடை வலியில் பெரும்பகுதி மூட்டிலிருந்து வருவதில்லை, இந்தத் தசைகளிலிருந்துதான் வருகிறது. தலைவலி என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொண்டிருக்கும் பலருக்கும் நெற்றிப்பொட்டுத் தசையை அழுத்தினால் அதே வலி கிளம்பும்.

படி 2: இது வேறு நோயா என்று முதலில் பாருங்கள்

வீட்டு வைத்தியத்துக்குப் போகும் முன் இந்தப் படியைத் தாண்டாதீர்கள்.

நடக்கும்போதோ மாடிப்படி ஏறும்போதோ தாடை வலித்து, நெஞ்சில் இறுக்கமோ வியர்வையோ மூச்சுத்திணறலோ சேர்ந்தால் அது இதயமாக இருக்கலாம். 108-ஐக் கூப்பிடுங்கள். ஐம்பது வயதைத் தாண்டியவருக்குப் புதிதாக நெற்றிப்பொட்டில் வலி வந்து, உணவை மெல்லும்போது தாடை சோர்ந்து, பார்வையும் மங்கினால் அது ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். கண் பார்வையே போய்விடக்கூடிய நோய் என்பதால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆணி குத்தியோ மண்வெட்டி பட்டோ காயமான சில நாள்களில் தாடை இறுகி வாய் திறக்க முடியாமல் போனால் அது ரண ஜன்னியாக (டெட்டனஸ்) இருக்கலாம். இதிலும் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

காய்ச்சலும் கன்ன வீக்கமும் சேர்ந்து வாய் திறக்காவிட்டால் பல்லில் சீழ் பிடித்துப் பரவுகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். முகத்தில் ஒரு பக்கம் மின்சாரம் பாய்ந்ததுபோல் சில நொடிகள் வெட்டிவிட்டுப் போகும் வலி நரம்பு வலி, அதற்கு மருந்தே வேறு. கீழே விழுந்து முகவாயில் அடிபட்ட பிறகு பற்கள் முன்போல் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்றால் மூட்டருகே எலும்பு முறிந்திருக்கலாம்.

இன்னொன்றை நம் ஊரில் தனியாகவே சொல்ல வேண்டும். பாக்கு. விருந்து முடிந்ததும் வெற்றிலைத் தட்டு வருவது இங்கே மரியாதை. என்றைக்கோ விருந்தில் போடுகிறவர்களைப் பற்றி நான் பேசவில்லை. வேலை நேரம் முழுக்கப் பாக்கை, அதிலும் பொட்டலப் பாக்கைக் கன்னத்தில் அடக்கி வைத்திருப்பவர்களைப் பற்றிச் சொல்கிறேன். அவர்களுக்குக் கன்னத்தின் உட்பக்கம் மெல்ல வெளுத்து, தடித்து, நார் நாராக இறுகும். முதல் அறிகுறி காரம் தாங்காமல் வாய் எரிவது. பிறகு வாய் திறப்பு மாதத்துக்கு மாதம் குறையும். வலி அதிகம் இருக்காது, மூட்டில் சத்தமும் வராது. இதைத் தாடை மூட்டுக் கோளாறு என்று நினைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தால் நாள்தான் வீணாகும். இந்த இறுக்கம் புற்றுநோயாக மாறக்கூடியது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட அறிக்கையில், புகையிலை சேராத வெறும் பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. கன்னத்துக்குள் விரல் விட்டுத் தடவும்போது கயிறுபோல் தட்டுப்பட்டால் பாக்கை அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் இருந்தாலும் அப்படித்தான்.

படி 3: உங்களுடையது எந்த வகை?

கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்து, ஆள்காட்டி, நடு, மோதிர விரல்கள் மூன்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி மேல், கீழ் முன்பற்களுக்கு நடுவே வைத்துப் பாருங்கள். மூன்றும் போனால் திறப்பு சரி. பெரியவர்களுக்கு 35 முதல் 50 மில்லிமீட்டர்வரை திறப்பது இயல்பு. இரண்டு விரலே தட்டினால் குறைவு. திறக்கும்போது முகவாய் நேராக இறங்குகிறதா, ஒரு பக்கம் போகிறதா என்றும் கவனியுங்கள்.

கன்னமும் நெற்றிப்பொட்டும் மந்தமாக வலிக்கிறது, காலையில் அதிகம் அல்லது மாலையில் அதிகம், மூட்டில் சத்தம் இல்லை. இது தசை வலி, அதிகம் காணப்படுவதும் இதுதான்.

திறக்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம், முகவாய் கொஞ்சம் ஒதுங்கி மறுபடி நடுவுக்கு வருகிறது. ஜவ்வு முன்னால் நழுவியிருக்கிறது, திறக்கும்போது தன் இடத்துக்குத் திரும்புகிறது, அந்தச் சத்தம்தான் கேட்கிறது. வலியும் தடையும் இல்லாத வெறும் சத்தத்துக்குச் சிகிச்சையே வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன். சத்தத்தை மட்டும் நிறுத்துவதற்காக எந்தக் கருவிக்கும் பணம் கட்டாதீர்கள். ஊரில் எத்தனையோ பேர் இந்தச் சத்தத்தோடு வாழ்நாள் முழுவதும் நன்றாகவே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பல நாளாகச் சத்தம் கேட்டது, ஒரு நாள் சத்தம் நின்றது, அன்றிலிருந்து வாய் இரண்டு விரலுக்கு மேல் திறக்கவில்லை, முகவாய் வலிக்கிற பக்கமே போய் நின்றுவிடுகிறது. நழுவிய ஜவ்வு திரும்பாமல் முன்னால் சிக்கிக்கொண்டதற்கு இது அடையாளம். சத்தம் நின்றதைக் குணமானதாக எடுத்துக்கொண்டு பலர் நாளைக் கடத்துகிறார்கள். இதைச் சில நாள்களுக்குள் காட்டினால் கையாலேயே சரிசெய்யும் வாய்ப்பு கூடுதல்.

மணலை நெரிப்பதுபோல் கரகரவென்று சத்தம் வந்தால் மூட்டுத் தேய்மானம். கைவிரல் மூட்டுகளிலும் காலையில் வீக்கமும் விறைப்பும் இருந்தால் முடக்குவாதமா என்று ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

கொட்டாவி விட்டபோது வாய் திறந்தபடியே நின்றுவிட்டால் தாடை விலகிவிட்டது என்று பொருள். கன்னத்தில் அறைந்தால் உட்கார்ந்துவிடும் என்பார்கள், வேண்டவே வேண்டாம். எலும்பு முறிந்துவிடும். அவர் வாயை வலிய மூடப் பார்க்காமல், தாடைக்கு ஒரு துணியைத் தாங்கலாகக் கொடுத்து மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். மருத்துவர் கீழ்க் கடைவாய்ப் பற்களின்மேல் கட்டைவிரல்களை வைத்துக் கீழே அழுத்திப் பின்னால் தள்ளுவார். பழங்காலக் கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டிஸ் காலத்திலிருந்தே இருக்கும் முறை இது. சீக்கிரம் போனால் பல சமயம் சில நிமிட வேலைதான். நேரம் ஆக ஆகத் தசை இறுகி, மயக்க மருந்து தேவைப்படும்.

குழந்தைகள் மரத்திலிருந்தோ திண்ணையிலிருந்தோ விழுந்து முகவாயில் தையல் போடும்போது மூட்டையும் படம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே ஏற்பட்ட முறிவைக் கவனிக்காமல் விட்டால் மூட்டு எலும்போடு எலும்பாக ஒட்டி, வாய் திறக்காமல், தாடையும் வளராமல் போகலாம். சீழ் பிடித்த காது நோயும் சில குழந்தைகளுக்கு அதைச் செய்யும்.

படி 4: காரணத்தைத் தேடுங்கள்

ஒரே காரணம் என்று பெரும்பாலும் இருக்காது. 1934-இல் காஸ்டன் என்ற அமெரிக்கக் காது மருத்துவர், கடைவாய்ப் பற்கள் போய்விட்டால் தாடை சரிந்து காதருகே அழுத்துகிறது என்று எழுதினார். அதிலிருந்து பல பத்தாண்டுகள் பல் வரிசைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று நம்பி ஏராளமான பேருக்குப் பல்லை ராவினார்கள். அந்தக் கருத்து நிற்கவில்லை. வரிசை சரியில்லாத பலருக்கு வலியே இல்லை, முத்துப்போன்ற பல் உள்ள பலருக்கு வலி இருக்கிறது.

நான் அதிகம் பார்க்கும் காரணம் பல் கடிப்பது. தூக்கத்தில் நறநறவென்று கடிப்பதைக் கூடப் படுத்திருப்பவர் சொல்லித்தான் தெரியும். பகலில் கடிப்பது அவரவருக்கே தெரியாது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள், கடையில் கணக்குப் பார்ப்பவர்கள், கண்டாங்கித் தறியில் குனிந்தே உட்கார்ந்திருக்கும் நெசவாளிகள், கைப்பேசியில் கழுத்தை மடக்கிக் கிடப்பவர்கள் என்று எல்லோரும் கவனம் குவியும்போது பல்லை இறுக்குகிறார்கள். தையல்காரர்கள் நூலைப் பல்லால் அறுக்கிறார்கள். மனக்கவலை, தூக்கமின்மை, உடம்பில் வேறு இடங்களிலும் உள்ள நாள்பட்ட வலி ஆகியவை இதைக் கூட்டும். மனச்சோர்வுக்குத் தரும் சில மாத்திரைகளாலும் பல் கடிப்பு வரலாம். அப்படித் தோன்றினால் நீங்களாக நிறுத்தாமல் எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள். இந்தத் தொல்லை ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம், 20 முதல் 40 வயதுக்குள் மிக அதிகம்.

பல் சிகிச்சைக்கு வெகுநேரம் வாயைப் பிளந்து வைத்திருந்தாலும் மூட்டு நோகும். அடுத்த முறை நாற்காலியில் உட்காரும்போதே இடையிடையே ஓய்வு கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

படி 5: முதல் சில வாரங்கள் வீட்டில்

பகல் முழுக்க நினைவில் வைக்க ஒரே விதி: உதடு சேர்ந்திருக்கட்டும், பல் சேரக் கூடாது. விழுங்கும்போதும் மெல்லும்போதும் தவிர மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட வேண்டியதே இல்லை. 'ன' என்று சொல்லிப் பாருங்கள், நாக்கின் நுனி மேலண்ணத்தில் எங்கே தொடுகிறதோ அங்கேயே அதை ஓய்வாக விடுங்கள். பல் தானாக விலகும். கணினியின் ஓரத்தில், அடுப்படிச் சுவரில், தறிக் கட்டையில் ஒரு பொட்டு ஒட்டி வையுங்கள். கண்ணில் படும்போதெல்லாம் பல்லைச் சரிபாருங்கள். சாதாரணமாகத் தெரியும் இந்தப் பழக்கம் பல மாத்திரைகளைவிட நல்ல பலன் தருவதைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் சாப்பாடு. இங்கேதான் செட்டிநாட்டில் சிரமம். "ரெண்டு வாரம் சீடையைத் தொடாதீங்க ஆச்சி" என்றால், "பேத்தி கல்யாணப் பலகாரம் தூக்குத் தூக்கா இருக்கே தம்பி" என்பார்கள். சீப்புச் சீடை, கைமுறுக்கு, தேன்குழல், மனகோலம், நாள்பட்டுச் சவ்வாகிப்போன அதிரசம், பொங்கல் கரும்பு, பனங்கிழங்கு, உறிஞ்சிக் கடிக்கும் நல்லி எலும்பு எல்லாவற்றையும் கொஞ்ச நாள் தள்ளி வைக்க வேண்டும். சூயிங் கம்மும் கூடாது. வாயை அகலப் பிளந்து கடிக்க வேண்டியதைத் துண்டு போட்டுச் சாப்பிடுங்கள்.

ஆனால் பட்டினி கிடக்க வேண்டாம், கஞ்சியே கதி என்றும் இல்லை. நம் சமையலிலேயே மெத்தென்றது நிறைய உண்டு. இடியாப்பமும் தேங்காய்ப்பாலும், ஓரத்து மொறுமொறுப்பைக் கிள்ளிவிட்ட வெள்ளைப் பணியாரம், பால் பணியாரம், கும்மாயம், குழைய வேகவைத்த கவுனி அரிசி, பருப்பு மசியல், முள் எடுத்த மீன், அவித்த முட்டை, நுங்கு, பழுத்த பப்பாளி. கறி வேண்டும் என்றால் கொத்துக்கறியை நன்றாக வேகவிட்டுக் குழம்பாகச் செய்யுங்கள். இரண்டு பக்கமும் மெல்லுங்கள். வலி குறையக் குறையப் பழைய சாப்பாட்டுக்கு மெதுவாகத் திரும்பலாம். மாதக்கணக்கில் மெல்லாமலே இருந்தாலும் தசை பலவீனமாகும்.

ஒத்தடத்துக்கு வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டு போதும். தோல் பொறுக்கும் சூட்டில் 15 முதல் 20 நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று முறை. அடிபட்ட வலிக்கு முதல் இரண்டு நாள் துணியில் சுற்றிய ஐஸ், 10 நிமிடம். ஒத்தடத்துக்கு அப்புறம் கன்னத்துத் தசையை விரல் நுனியால் வட்டமாக நீவிவிடலாம். சுளுக்கு எடுப்பவரிடம் போய்த் தாடையைத் திருகச் சொல்லாதீர்கள்.

மாத்திரையில் பாரசிட்டமால் எளிது. ஐபுப்ரோஃபன் போன்றவை வீக்கத்தையும் குறைக்கும், சாப்பாட்டுக்குப் பின் சில நாள்களுக்கு மட்டும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, கர்ப்பம் என்று எது இருந்தாலும் கேட்காமல் போடாதீர்கள். கொட்டாவி வந்தால் முகவாய்க்கு அடியில் கைமுஷ்டியை வைத்துத் தாங்குங்கள். குப்புறப் படுப்பதையும் விடுங்கள்.

படி 6: பயிற்சி

கூர்மையான வலி தணிந்த பிறகு தொடங்குங்கள். நாக்கு நுனியை மேலண்ணத்தில் 'ன' இடத்தில் வைத்துக்கொண்டு, அது விலகாத அளவுக்கு மட்டும் வாயை மெதுவாகத் திறந்து மூடுங்கள். ஒரு வேளைக்கு ஆறு தடவை, நாளுக்கு ஆறு வேளை. கண்ணாடியில் முகவாய் நேராக இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே செய்வது நல்லது. கழுத்தைப் பின்னுக்கு இழுத்து நேராக நிறுத்தும் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், தாடைத் தசையும் கழுத்துத் தசையும் சேர்ந்தே இறுகும். திறப்பு குறைந்தவர்களுக்கு விரலால் மெல்ல நீட்டும் பயிற்சி உண்டு, அதை ஒரு இயன்முறை மருத்துவரிடம் நேரில் கற்றுக்கொள்வதே சரி. பயிற்சியால் வந்த வலி அரை மணி நேரத்துக்கு மேல் நின்றால் வேகத்தைக் குறையுங்கள்.

மூன்று மாதத்துக்கு மேல் நீடித்த தாடை வலிக்கு எது உதவுகிறது என்று ஆய்வுகளை அலசி 2023-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் என்ற மருத்துவ இதழ் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. அது உறுதியாகப் பரிந்துரைத்தது இப்படிப்பட்ட மேற்பார்வையுள்ள தாடைப் பயிற்சி, தசையைக் கையால் நீவி விடுவிப்பது, வலியைப் பற்றிய எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் மனநல ஆலோசனை ஆகியவற்றைத்தான். மனநலம் என்றதும் "எனக்கென்ன பைத்தியமா" என்று கோபப்பட வேண்டாம். உங்கள் வலி நிஜம். நாள்பட்ட வலியில் நரம்புகளே வலியைப் பெருக்கிக் காட்டப் பழகிவிடுகின்றன, அதைத் தணிக்க இது ஒரு வழி.

படி 7: மருத்துவர் தரும் சிகிச்சைகள்

இரவில் போடும் நைட் கார்டு பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். அளவெடுத்துச் செய்த, எல்லாப் பற்களையும் மூடும் கடினமான அக்ரிலிக் தகடு பல் தேயாமல் காக்கும், சிலருக்கு வலியும் குறையும். எல்லோருக்கும் குறையும் என்று சொல்ல ஆய்வுகள் இடம் தரவில்லை, அந்த 2023 வழிகாட்டுதலும் நாள்பட்ட வலிக்கு இதை முதலில் வைக்கவில்லை. தேய்ந்த பல் இருந்தால் நான் பரிந்துரைப்பேன், இல்லையென்றால் முந்தைய படிகளைச் செய்துவிட்டு வரச் சொல்வேன். முன்பற்களை மட்டும் மூடும் தகட்டை நீண்ட நாள் போட்டால் பல் நகர்ந்துவிடலாம். பகலும் இரவும் போடச் சொன்னால் காரணம் கேளுங்கள்.

தூக்கமும் கெட்ட நாள்பட்ட வலிக்குக் குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின் என்ற மாத்திரை தருவதுண்டு. தசை தளர்த்தும் மாத்திரை சில நாளுக்கு மட்டும். எலும்பைப் பார்க்க முதலில் தாடை முழுவதையும் ஒரே படத்தில் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே போதும், ஜவ்வைப் பார்க்க எம்.ஆர்.ஐ. வேண்டும். ஆனால் வலியே இல்லாதவர்களுக்கும் எம்.ஆர்.ஐ.யில் ஜவ்வு நழுவியிருப்பது தெரியும். படத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

வாய் திறக்காமல் சிக்கி, சில மாதப் பயிற்சியிலும் முன்னேற்றம் இல்லையென்றால் மூட்டைக் கழுவும் சிகிச்சை இருக்கிறது. மரத்துப்போகும் ஊசி போட்டு, இரண்டு ஊசிகள் வழியாக மூட்டுக்குள் மருந்துநீரைச் செலுத்தி வெளியேற்றுவார்கள். பலருக்குத் திறப்பு கூடும். சிக்கிய ஜவ்வு அப்படியே இருந்தாலும் மூட்டு ஓராண்டு அளவில் பழகிக்கொண்டு வாய் தானாகவே நன்றாகத் திறப்பதும் உண்டு.

திறந்து செய்யும் அறுவை மிகச் சிலருக்கே தேவை. மூட்டு ஒட்டிப்போனவர்கள், கட்டி உள்ளவர்கள், மூட்டு முற்றிலும் சிதைந்தவர்களுக்கு அது வாழ்க்கையையே மீட்டுத் தரும். 1980-களில் அமெரிக்காவில் ஜவ்வை எடுத்துவிட்டு டெஃப்லான் தகடு வைத்தார்கள். அது நொறுங்கிப் பக்கத்து எலும்பையும் அரித்ததால் 1990-களின் தொடக்கத்தில் திரும்பப் பெறப்பட்டது. இன்றைய செயற்கை மூட்டுகள் அவற்றைவிட எவ்வளவோ தேர்ந்தவை. என்றாலும் வெறும் வலிக்காகவோ சத்தத்துக்காகவோ அறுவை என்று யாராவது சொன்னால் இரண்டாவது கருத்து கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். மூட்டு வலிக்கென்றே பல்லை ராவுவதும், கிளிப் போடுவதும், வரிசையாகக் கேப் போடுவதும் இதே கணக்கில்தான்.

படி 8: எங்கே போவது, என்ன கொண்டுபோவது

முதலில் பக்கத்தில் உள்ள பல் மருத்துவர் போதும். காரைக்குடி அரசு மருத்துவமனையிலும் பல் பிரிவு இருக்கிறது. வாய் திறப்பு குறைந்தவர்கள், அடிபட்டவர்கள், தாடை அடிக்கடி விலகுகிறவர்கள் வாய் முக அறுவை மருத்துவரைப் பார்க்க வேண்டும். புதுக்கோட்டையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டதால் நம் பக்கத்தவர்கள் இதற்காக மதுரைக்கோ சென்னைக்கோ ஓட வேண்டிய கட்டாயம் குறைந்திருக்கிறது.

போகும்போது பழைய எக்ஸ்ரேக்கள், சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள், இதுவரை போட்ட தகடு இருந்தால் அது, எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். ஒரு வாரத்துக்கு வலி எப்போது கூடியது, அன்று என்ன சாப்பிட்டீர்கள், எப்படித் தூங்கினீர்கள், எத்தனை விரல் திறந்தது என்று ஒரு தாளில் குறித்துக் கொடுங்கள். பாக்கு போடும் பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். மருத்துவர் காதுக்கு முன்னால் கை வைத்துப் பார்க்காமலே பல்லைப் பிடுங்கலாம் என்றால், "மூட்டையும் கொஞ்சம் பாருங்க டாக்டர்" என்று நீங்களே கேளுங்கள்.